திங்கட்கிழமைகளில் நாம் விடும் பிழைகள்

ஊழியர் என்ற சொல் இலங்கையில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று கிறிஸ்தவ சபையில்: ‘ஊழியர் வந்திருக்கிறார், ஜெபிக்கச் சொல்லுங்கள்.’ மற்றது சம்பளச் சீட்டில்: ஊழியர் சேமலாப நிதியம், அதாவது நாம் ஈபிஎஃப் என்று சொல்வது. முன்னவர் வேதப்புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறவர். பின்னவர் புறக்கோட்டையில் துணிக்கட்டு இறக்குகிற பொடியன், வெள்ளவத்தை பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பிள்ளை. சொல் ஒன்றுதான், ஆனால் நம் மனதில் இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் நிற்கிறது. வேலை விஷயத்தில் நாம் விடுகிற பிழைகளில் பாதிக்கு மேல் அந்த மதிலடியில்தான் முளைக்கின்றன என்பது என் எண்ணம்.

என் பிழையையே முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதில் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெபக்கூட்டம். நாலரைக்கே கொப்பியை மூடிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு நடையைக் கட்டிவிடுவேன். கர்த்தருடைய வேலைக்குப் போகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. மிச்சக் கணக்கைப் பக்கத்து மேசை நானா இருந்து முடிப்பார். நோன்பு மாதத்தில் ஒரு நாள் மட்டும், “தம்பி, இண்டைக்கு மட்டும் நீங்க முடிச்சிட்டுப் போக ஏலுமா?” என்று கேட்டார். கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். அன்று என்ன ஜெபித்தேன் என்பது நினைவில் இல்லை. பேரீச்சம்பழப் பையை ஓரமாக வைத்துவிட்டு அவர் என் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தது நினைவிருக்கிறது.

வேலை என்பது வயிற்றுப்பாட்டுக்கு, தேவனுக்கு என்பது அதற்குப் பிந்திய நேரம் என்று நினைப்பதுதான் தாய்ப் பிழை. ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். மனுஷனை ஏதேன் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் சொன்னது இரண்டாம் அதிகாரம். சாபம் வருவது மூன்றாம் அதிகாரத்தில். வேர்வையும் முள்ளும் பிறகு வந்தவை, வேலை அதற்கு முன்பே இருந்தது. யாத்திராகமம் 31-இல் ‘தேவ ஆவியினால் நிரப்பினேன்’ என்று கர்த்தர் சொல்வது யாரைப் பற்றி? பிரசங்கியைப் பற்றி என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். பொன்னும் வெள்ளியும் கல்லும் மரமும் வேலைசெய்யத் தெரிந்த பெசலெயேலைப் பற்றிச் சொல்கிறார். இன்றைக்கென்றால் செட்டியார் தெரு நகைப் பட்டறை ஒன்றில் குனிந்து உட்கார்ந்திருப்பார். பவுல் கூடாரம் செய்து சாப்பிட்டவர், இயேசுவை ஊரார் தச்சன் என்றுதான் அறிந்திருந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1955-இல் மே 1-ஐத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கியதும் இந்த நினைவில்தான்.

சரி, வேலையும் ஊழியம்தான் என்று ஒத்துக்கொண்டவர்கள் அடுத்த பிழைக்குப் போகிறார்கள். கந்தோரில் சாட்சியாக இருப்பது என்றால் வேலையின் மேல் பக்தியைத் தூவுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் வட்ஸ்அப் குழுவில் ஒரு வசனம், மேசையில் ஒரு கைப்பிரதி, கணினியில் சிலுவைப் படம். அறிக்கையோ மூன்று நாள் தாமதம். கொழும்பில் ஒரே அறையில் பௌத்தர், இந்து, முஸ்லிம் எல்லாரும் நம்மோடு இருக்கிறார்கள். நம் வசனத்தைப் படிக்காவிட்டாலும் நம் வேலையைத் தினமும் படிக்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதலாளி நடத்தும் காலை ஜெபத்துக்கு எந்த ஊழியரால் ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியும்?

முதலாளிமாருக்கு ஒரு வசனம் மிகவும் பிடிக்கும். ‘எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்’, கொலோசெயர் மூன்றாம் அதிகாரம். சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியும் வைப்பார்கள். அந்தப் பேச்சு அங்கேயே முடிவதில்லை. இரண்டு வசனம் தள்ளி, நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், எஜமான்கள் வேலைக்காரருக்கு ‘நீதியும் செவ்வையுமானதை’ச் செய்யவேண்டும் என்று வருகிறது. அதைச் சட்டம் போட்டு மாட்டிய கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீதியும் செவ்வையும் என்றால் என்ன என்று கேட்டால், நம் ஊரில் அதற்குக் கணக்கே இருக்கிறது. ஈபிஎஃப்புக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி தன் பக்கமாக 12 வீதம். அதற்கு மேல் ஈரிஎஃப்புக்கு, அதாவது ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, முதலாளியே 3 வீதம். அறுபதாயிரம் சம்பளக்காரருக்கு 4,800 ரூபா பிடித்தால், முதலாளி 7,200-உம் 1,800-உம் போட வேண்டும். அந்த 9,000-ஐ மிச்சம் பிடிக்க ‘ட்ரெய்னிங்’ என்ற பெயரில் வருஷக்கணக்காகப் பேர் பதியாமல் வைத்திருப்பதும், அதைவிட மோசமாக, பிடித்த 4,800-ஐயும் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. அப்படிச் செய்துகொண்டே, வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைச் சபைக்குத் தவறாமல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது வயல் அறுத்தவர்களின் கூலியைப் பற்றி. கடைப் பொடியனின் கூலிக்கும் அதே குரல்தான்.

சபைக்குள் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மின்வேலை தெரிந்த சகோதரனிடம், “நம்ம ஆள்தானே, ஒருக்கா வந்து பாருங்கோ” என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் தேத்தண்ணீரும் ‘கர்த்தர் ஆசீர்வதிப்பார்’ என்ற சொல்லும் கொடுத்து அனுப்புவது. வெளியே இருந்து வருகிற மேசன் பாஸுக்கு அன்றைய காசை அன்றே எண்ணிக் கொடுப்போம். சகோதரனுக்கும் அப்படியே கொடுங்கள். அவர் தானாக வேண்டாம் என்றால் அது வேறு கதை.

சிலர் எதிர்ப்பக்கத்துக்குப் போய், சுங்கம், வரி, வியாபாரம் எல்லாம் அழுக்கு, விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடு என்று இளம் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவர்கள், வந்து என்ன செய்வது என்று கேட்டபோது, வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். ஆயத்துறையில் இருந்துகொண்டு அப்படி நடப்பது எவ்வளவு கடினம் என்று அந்த வேலையில் இருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். இரண்டு பில் புத்தகம் வைத்திருக்கிற கடையில் கணக்கு எழுதுகிறவருக்கும் அதே சிக்கல்தான். அவருக்குச் சபையில் யாரும் ஜெபிப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

அப்புறம், ஓய்வு. கர்த்தருக்கென்று செய்கிறேன் என்று ஏழு நாளும் ஓடுகிறவர்கள், பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளும் ஒன்று என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டளையில் நாம் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு பகுதி உண்டு: ‘உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும்.’ ஞாயிறு காலை குடும்பமே ஆராதனைக்குப் புறப்படும். மலையகத்திலிருந்து வந்து வீட்டோடு இருக்கிற அக்கா கோழி வெட்டிக்கொண்டிருப்பார், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு மேசைக்கு வர வேண்டும். அவரும் நாள் முழுக்க வீட்டு வேலையை மறந்து, விரும்பிய இடத்துக்குப் போய்வரட்டும். ஒரு ஞாயிறு மத்தியானம் நாம் பாணும் பருப்பும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. அதையும் சனிக்கிழமையே அவரைக்கொண்டு சமைத்து வைக்காமல், நாமே பருப்பைக் கழுவிப் போட வேண்டும்.