சொல்லறிதல் சோதனையில் மில்லிசெகண்டைச் சரியாக அளப்பது எப்படி

திரையில் ஓர் எழுத்துக் கோவை வருகிறது, அது உண்மையான சொல்லா இல்லையா என்று பார்த்து ஒரு விசையை அழுத்த வேண்டும். அழுத்த எடுக்கும் நேரத்தில் நாம் தேடும் வேறுபாடு பல நேரம் 20, 30 மில்லிசெகண்டுதான். அதனால் எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன் உங்கள் திரையைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றும், நீங்கள் 40 மில்லிசெகண்ட் என்று எழுதினாலும் கிடைப்பது 33 அல்லது 50தான். சோதனைச் சொல்லுக்கு முன் ஒரு கணம் மறைத்துக் காட்டும் முன்சொல் 50 மில்லிசெகண்ட் நிற்க வேண்டுமா, 3 ஃபிரேம் (திரை ஒருமுறை படத்தை மாற்றும் இடைவெளிதான் ஒரு ஃபிரேம்) என்றே எழுதுங்கள்.

சரி, மென்பொருள். விண்டோஸ் மட்டும் போதும், எழுத்து வடிவில் ஸ்கிரிப்ட் எழுதத் தயக்கமில்லை என்றால் டிஎம்டிஎக்ஸ். இலவசம், இந்தத் துறைக்காகவே அரிசோனா பல்கலைக்கழகத்தில் உருவானது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது சைக்கோபை. அதுவும் இலவசம், மேக், லினக்ஸிலும் ஓடும். அதன் பில்டரில் (நிரல் எழுதாமல் சோதனையை அமைக்கும் சாளரம்) சொல் தோன்றும் அதே ஃபிரேமில் விசைப்பலகைக் கடிகாரமும் தொடங்கும்படி வையுங்கள், முழுத்திரையில் ஓட்டுங்கள், பின்னணியில் வேறெதுவும் திறந்திருக்கக் கூடாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: கடிகாரம் ஒரு ஃபிரேம் முன்னதாகத் தொடங்கினால் ஒவ்வொரு விடையின் நேரமும் 16 மில்லிசெகண்டுக்கு மேல் நீண்டுவிடும், கோப்பைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

விசைப்பலகையும் தாமதிக்கும். சாதாரண யுஎஸ்பி விசைப்பலகையைக் கணினி 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கேட்பதுதான் வழக்கம். மாறாத தாமதம் என்றால் கவலை வேண்டாம், ஒரே ஆளின் இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது அது கழிந்துவிடும். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்துக்கு அதிக சொற்களைக் கொடுப்பதுதான் வழி. இணையத்தில் ஜேஎஸ்சைக் (jsPsych) என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு ஓட்டும்போதும் இதே கணக்குதான், ஆனால் ஆளுக்கு ஆள் கருவி மாறுவதால் இரண்டு குழுக்களை நேரடியாக ஒப்பிடுவதை நான் தவிர்ப்பேன்.

சொல்லை வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் சோதனை என்றால் குரல் தொடக்கத்தைக் கருவி கண்டுபிடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 'ஸ' போன்ற மெல்லிய ஒலியில் அது பிந்தித்தான் விழிக்கும். ஒலியைப் பதிவு செய்து, அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

அப்புறம், முதல் ஆளை உட்காரவைப்பதற்கு முன் வெறும் 20 சொற்களோடு ஓட்டிப் பார்த்து, தவறிய ஃபிரேம் எத்தனை என்று பதிவில் எண்ணுங்கள். முடிந்தால் திரையில் ஓர் ஒளி உணரியை ஒட்டி, சொல் உண்மையில் எப்போது தோன்றியது என்று அளந்துவிடுங்கள்.