ஐ3-5005யூவா, பென்டியம் என்3710ஆ? பழைய பிராசஸர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் “இதில் எது நல்லது?” என்று எனக்கு அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டுகளில் ஒரு ஜோடி திரும்பத் திரும்ப வரும். ஒரு பக்கம் இன்டெல் கோர் ஐ3-5005யூ, மறுபக்கம் இன்டெல் பென்டியம் என்3710. இரண்டுமே விலை குறைந்த லேப்டாப்களில் வந்த பிராசஸர்கள், அதாவது கணக்கெல்லாம் போடும் மூளைச் சில்லுகள். ஐ3 வெளியானது 2015 தொடக்கத்தில், பென்டியம் 2016 தொடக்கத்தில்.

அட்டவணையைப் பார்த்தால் தீர்ப்பு எளிது என்று தோன்றும். ஐ3க்கு 2 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), பென்டியத்துக்கு 4 கோர். ஐ3யின் வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ், பென்டியம் 2.56 வரை போகும். ஐ3யின் மின்செலவுக் கணக்கு 15 வாட், பென்டியத்துக்கு வெறும் 6. போதாததற்கு பென்டியம் ஒரு வருடம் புதுசு. நாலு பெரிசா, ரெண்டு பெரிசா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் நாலு என்றுதான் சொல்லும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வேலை வாங்கிப் பாருங்கள், ஐ3 முன்னால் போய்விடும். ஒரே ஒரு கோரை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

இந்த ஒரு ஜோடியை வைத்தே நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடலாம்.

கிகாஹெர்ட்ஸை நேருக்கு நேர் ஒப்பிடுவது

தொட்டியிலிருந்து இரண்டு பேர் தண்ணீர் மொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கையில் வாளி, இன்னொருவர் கையில் குவளை. குவளைக்காரர் நிமிடத்துக்கு 25 முறை மொள்கிறார், வாளிக்காரர் 20 முறைதான். கிகாஹெர்ட்ஸ் சொல்வது எத்தனை முறை மொள்கிறார் என்பதை மட்டும். கையில் இருப்பது வாளியா, குவளையா என்பதை அது சொல்லவே சொல்லாது.

ஐ3-5005யூவுக்குள் இருப்பது பிராட்வெல் என்ற வடிவமைப்பு. இன்டெல்லின் பெரிய கோர் வகை. ஒரு சுற்றுக்கு, அதாவது ஒரு முறை மொள்வதற்கு, நான்கு கட்டளைகள் வரை பிரித்தெடுக்கக்கூடியது. பென்டியம் என்3710க்குள் இருப்பது ஏர்மான்ட். பெயர்தான் பென்டியம், பூர்வீகம் இன்டெல்லின் ஆட்டம் (Atom). டேப்லெட்டுகளையும் சின்ன நெட்புக்குகளையும் மனதில் வைத்துச் செய்த குடும்பம் அது. ஒரு சுற்றுக்கு இரண்டு கட்டளைகள் வரைதான் பிரிக்கும். ஐ3யில் கோர்கள் பகிர்ந்துகொள்ளும் 3 எம்பி எல்3 கேச் (அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் சின்ன நினைவகம்) உண்டு. பென்டியத்தில் எல்3 என்ற அடுக்கே கிடையாது, அதற்கு முந்தைய அடுக்கான எல்2வில் மொத்தம் 2 எம்பி, அவ்வளவுதான்.

அந்த 2.56லும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பென்டியத்தின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். 2.56 என்பது சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போது எட்டக்கூடிய உச்சம். இந்தப் பிராசஸர் உள்ள லேப்டாப்கள் பலவற்றில் ஃபேனே இருக்காது, அதனால் நாலு கோரும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தால் அந்த உச்சத்தில் நிலைத்து நிற்பது கஷ்டம். இப்படித் தற்காலிகமாக வேகத்தைக் கூட்டும் டர்போ வசதி ஐ3-5005யூவுக்குக் கிடையவே கிடையாது. 2.0 என்றால் 2.0. மேலே போகாது, ஓரளவு ஒழுங்கான ஃபேன் இருந்தால் வேலைப் பளுவில் கீழேயும் இறங்காது.

கோர்களை எண்ணுவது

சரி, நாலு கோர் சேர்ந்தால் இரண்டை மிஞ்சிவிடாதா? இந்த ஜோடியில் மிஞ்சவில்லை. ஐ3யின் இரண்டு கோரும் ஹைப்பர் த்ரெடிங் உள்ளவை, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைச்சரங்களை (த்ரெட்) கையாளும், அதாவது மொத்தம் நான்கு த்ரெட். எல்லாக் கோர்களையும் ஓட்டும் சோதனைகளில் இடைவெளி குறைகிறதே தவிர ஐ3யே முன்னால் நிற்கிறது. அதோடு, நாம் தினமும் “ஸ்லோவா இருக்கு” என்று புலம்புவது எதற்காக? பிரவுசரில் ஒரு பக்கம் திறக்க, ஒரு ஃபைல் திறக்க, தட்டியவுடன் எழுத்து திரையில் விழ. இவற்றில் பெரும்பகுதி ஒரு கோரின் வேகத்தை நம்பியிருப்பவை. மற்ற மூன்று கோரும் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

கோர் எண்ணிக்கையில் ஏமாறுவதற்கு இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கமும் வழி இருக்கிறது. ஏ9-9425 பிராசஸரின் பெயரோடு “5 கம்ப்யூட் கோர்கள்” என்று சேர்த்துக்கொண்டார்கள். அதில் இரண்டுதான் பிராசஸர் கோர், மீதி மூன்று கிராஃபிக்ஸ் பகுதியைச் சேர்ந்தவை. அந்த இரண்டும்கூட தசமக் கணக்குப் போடும் பகுதியைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்பவை. ஐந்து என்று நம்பி வாங்கியவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

பெயரை நம்புவது, எண்ணைத் தப்பாகப் படிப்பது

பென்டியம் என்பது ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். பென்டியம் 4405யூ என்றும் ஒன்று உண்டு, அது பெரிய கோர் குடும்பத்தைச் சேர்ந்தது. பென்டியம் என்3710 ஆட்டம் குடும்பம். ஒரே பெயரை இரண்டு வேறு வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்த கதை. இன்டெல்லின் இன்னொரு மலிவு வரிசையான செலரானிலும் இதே குழப்பம்தான். அந்தக் கால இன்டெல் பட்ஜெட் லேப்டாப்களைப் பொறுத்தவரை ஓர் எளிய அடையாளம் சொல்கிறேன். எண்ணுக்கு முன்னால் என் (N) என்ற எழுத்து நின்றால் சின்ன கோர், எண்ணுக்குப் பின்னால் யூ (U) நின்றால் பெரிய கோர்.

அடுத்தது தலைமுறைக் கணக்கு. 5005 என்றால் ஐந்தாம் தலைமுறை, 8130 என்றால் எட்டாம் தலைமுறை. இது கோர் ஐ வரிசைக்கு மட்டும் பொருந்தும். என்3710ஐப் பார்த்து “மூன்றாம் தலைமுறையா?” என்று கேட்பவர்கள் நிறைய. அந்த 3க்கும் தலைமுறைக்கும் சம்பந்தமில்லை.

ஐ5 என்ற பெயரிலும் அதே கவனம் வேண்டும். 2015இன் ஐ5-5200யூவும் 2 கோர், 4 த்ரெட்தான், ஐ3யைப் போலவே. டர்போவில் 2.7 வரை போகும் என்பதுதான் முக்கிய வித்தியாசம். 2017இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8250யூவில்தான் அதே 15 வாட்டுக்குள் 4 கோர், 8 த்ரெட் என்று தாவினார்கள். பழைய ஐ5க்கும் இந்த ஐ5க்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர பெரிதாக ஒன்றுமில்லை.

வெற்றி வரிகளை எண்ணிக் கூட்டுவது

ஒப்பீட்டு அட்டவணைகளில் ஒவ்வொரு வரியிலும் ஜெயித்தவருக்குப் பச்சை டிக் போட்டிருப்பார்கள். கடைசியில் “7க்கு 4” என்று நாமே கூட்டிக்கொள்கிறோம். கோர் எண்ணிக்கைக்கு ஒரு டிக், உச்ச வேகத்துக்கு ஒரு டிக், குறைந்த வாட்டுக்கு ஒரு டிக், புதிய வருடத்துக்கு ஒரு டிக். இவையெல்லாம் சம எடை உள்ள விஷயங்கள் இல்லை. சில வரிகள் ஒரே விஷயத்தை வேறு வார்த்தையில் சொல்பவை.

பெஞ்ச்மார்க் மதிப்பெண், அதாவது வேகத்தைச் சோதிக்கும் நிரல் தரும் மதிப்பெண், பார்ப்பது இதைவிட நல்ல வழி. ஆனால் பதிப்பைப் பாருங்கள். கீக்பெஞ்ச் என்ற சோதனை நிரலின் 4ஆம் பதிப்பில் 4000 என்பது ஒரு அளவுகோல், கீக்பெஞ்ச் 5இல் 1000 என்பது வேறு அளவுகோல், 6இல் 2500 என்பது இன்னொன்று. ஒரு பிராசஸரின் மதிப்பெண்ணை ஒரு பதிப்பிலிருந்தும் இன்னொன்றின் மதிப்பெண்ணை வேறு பதிப்பிலிருந்தும் எடுத்தால், ஒருவரின் உயரத்தை அடியிலும் மற்றவரின் உயரத்தை மீட்டரிலும் அளந்தது போல ஆகிவிடும். அப்புறம் தேதி. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளியே வந்தன. அவற்றுக்கான திருத்தங்கள் பழைய பிராசஸர்களைக் கொஞ்சம் மெதுவாக்கின. 2016இல் எடுத்த மதிப்பெண் இன்றைக்கு உங்கள் கைக்கு வரும் லேப்டாப்பில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பிராசஸரை மட்டுமே பார்ப்பது

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இதுவரை ஐ3க்காக இவ்வளவு பேசிய நானே சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் போட்ட ஐ3யைவிட, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்ட பென்டியம், தினசரிப் புழக்கத்தில் சுறுசுறுப்பாகத் தெரியும்.

நீங்களே பார்க்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பை ஆன் செய்து, திரை வந்தவுடன் டாஸ்க் மேனேஜரை (எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் நிரல்) திறந்து வையுங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். பிராசஸர் பக்கம் பாதிகூட நிறைந்திருக்காது. பிரவுசர் ஐகானைச் சொடுக்கினால் வட்டம் சுற்றும், நின்றுவிடும், மறுபடி சுற்றும். பிராசஸர் அங்கே கட்டளைக்காகக் கைகட்டிக் காத்துக்கொண்டிருக்கிறது, தகவலைக் கொண்டுவர வேண்டிய டிஸ்க்தான் வந்து சேரவில்லை. இந்த இடத்தில் எவ்வளவு வேகமான பிராசஸரைக் கொண்டுவந்து வைத்தாலும் அதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் டிஸ்க்கை மாற்ற முடியுமா என்பது பிராசஸர் பெயரைவிட முக்கியமான கேள்வி. 2.5 அங்குல, சாட்டா வகை இணைப்புள்ள ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு அதே அளவு எஸ்எஸ்டி போட்டுவிடலாம். பென்டியம், செலரான் வகை லேப்டாப்கள் சிலவற்றில் 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு இருக்கும். அது போர்டிலேயே பற்றவைத்தது, கழற்ற முடியாது. விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தாலே 32 ஜிபி திணறும். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

ரேம் விஷயத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பென்டியம் என்3710 அதிகபட்சம் 8 ஜிபி தாங்கும், ஐ3-5005யூ 16 ஜிபி வரை. ஆனால் ஸ்லாட் எத்தனை, போர்டில் பற்றவைத்த ரேமா என்பதை லேப்டாப் மாடலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 4 ஜிபியோடு இன்று பிரவுசரில் பத்து டேப் திறந்தால் இரண்டு பிராசஸருமே ஒரே மாதிரி மூச்சு வாங்கும். பிராசஸரைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம், இரண்டுமே போர்டோடு பற்றவைத்தவை.

சில வேலைகளில் வேகம் என்பதே கேள்வி இல்லை

வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்க என்3710இல் தனி மின்சுற்றே வைத்திருக்கிறார்கள். ஐ3-5005யூவில் அந்த வேலைக்கு முழுமையான தனி மின்சுற்று இல்லை. மெதுவான பிராசஸர் அமைதியாகப் படம் ஓட்டும்போது வேகமான பிராசஸர் ஃபேனைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கும். ஏவி1 என்ற இன்னொரு சுருக்க வகைக்கு இரண்டிலும் தனி மின்சுற்று கிடையாது.

இன்னொரு பக்கம், பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள். ஐ3யில் ஏவிஎக்ஸ்2 வரை உண்டு, என்3710இல் ஏவிஎக்ஸே கிடையாது. இந்தக் கட்டளைகளைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்களும் கணக்கீட்டு நிரல்களும் பென்டியத்தில் மெதுவாக ஓடுவதில்லை, திறக்கவே மறுக்கும். நீங்கள் கட்டாயம் ஓட்ட வேண்டிய நிரல் ஒன்று இருந்தால் அதன் தேவைப் பட்டியலை முதலில் படித்துவிடுங்கள்.

ஆதரவு முடிந்ததை மறப்பது

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் கோர் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையான ஆதரவு. ஆக நம் ஜோடியில் இரண்டுக்குமே இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், 2017 இறுதியில் வந்த செலரான் என்4000 அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டே கோர், இரண்டே த்ரெட், ஐ3-5005யூவைவிட மெதுவானது. பட்டியலில் இருப்பது வேறு, வேகமாக இருப்பது வேறு.

இந்த இடத்தில்தான் விலைக்கேற்ற மதிப்பு என்ற கேள்வி வருகிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு ஓட்டத் தயார் என்றால் எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் உள்ள ஐ3-5005யூ எழுதவும் படிக்கவும் பிரவுசருக்கும் தாராளமாகப் போதும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் இந்த இரண்டுக்கும் இடையில் மல்லாடுவதை விட்டுவிட்டு, கொஞ்சம் கூடக் கொடுத்து ஐ3-8130யூ அல்லது ஐ5-8250யூ உள்ளதைத் தேடுங்கள். மெதுவாக இருந்தாலும் சத்தமே வரக்கூடாது, எழுதுவதற்கு மட்டும்தான் என்பவர்களுக்கு மட்டும் ஃபேன் இல்லாத என்3710ஐச் சொல்வேன்.

வாங்குமுன் லேப்டாப்பைச் சோதித்துப் பார்க்க விற்பவரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து பிராசஸரின் முழுப் பெயர், கோர், த்ரெட் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். ஒரு வீடியோவையும் நாலைந்து டேப்களையும் ஓடவிட்டு, அந்தப் பக்கத்தில் தெரியும் வேகம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று கவனியுங்கள். ஐ3 ஒன்று வேலைப் பளுவிலும் 2.0இல் நிற்காமல் 1.0க்கு அருகே விழுந்தால், ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம், வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். அடுத்து விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்து, முதலில் இருந்த கொள்ளளவையும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்கும் கீழே இருந்தால் புது பேட்டரி விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.