பதற்றமின்றிக் கிறிஸ்துமஸுக்குத் தயாராவது எப்படி?

கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் 20-க்குப் பிறகு எழும் பரபரப்புக்குக் காரணம், எல்லா வேலைகளையும் கடைசி நான்கு நாள்களில் குவித்துக்கொள்வதே. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக் காலத்தில் நான்கு ஞாயிறுகள் இருக்கின்றன. வேலைகளை அவற்றுக்கெனப் பிரித்துக்கொள்ளுங்கள்.

துணியை முதல் ஞாயிறுக்குள் தையற்கடையில் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் 24ஆம் தேதி இரவு பட்டன் இல்லாத சட்டையோடு வீடு திரும்ப நேரிடும் (எங்கள் வீட்டில் நடந்ததுதான்). கேக்குக்கான உலர்பழங்களையும் அன்றே ஊறப்போட்டுவிடலாம். இயேசு பிறப்பைக் காட்டும் குடிலுக்குக் கேழ்வரகை 15ஆம் தேதி வாக்கில் விதைத்தால் பண்டிகைக்குள் பசும்புல்லாக நிற்கும்.

பலகாரத்தில்தான் பொறுமை தேவை. வறுத்த பாசிப்பயறு மாவில் பாகு சேர்த்துப் பிடிக்கும் முந்திரிக்கொத்து பல நாள்கள் கெடாது என்பதால் அதை முதலிலும், அச்சு முறுக்கைப் பிறகும் சுடுங்கள். அச்சு எண்ணெயில் நன்றாகச் சூடேறிய பின்னரே அதை மாவில் முக்க வேண்டும். அதுவும் மேல் விளிம்பு மூழ்காமல். இல்லாவிட்டால் மாவு அச்சைவிட்டுக் கழலாது, அடுப்படியில் சண்டைதான் மிஞ்சும்.

24ஆம் தேதி பிற்பகலில் அடுப்பை அணைத்துவிட்டு, நள்ளிரவுத் திருப்பலிக்கோ அதிகாலை ஆராதனைக்கோ புறப்படுமுன் இரண்டு மணி நேரமாவது உறங்குங்கள். பிரியாணிக்கான வெங்காயத்தை நறுக்க மறுநாள் காலையில் வீடு நிறைய ஆள்கள் இருப்பார்கள்.