பழைய செய்தித்தாளில் 'சேது' என்று வந்தால் எப்படிப் படிப்பது?

இராமநாதபுரம் கடற்கரையின் வரலாற்றைப் பழைய தமிழ்ச் செய்தித்தாள்களில் தேடுவோரை அதிகம் தடுமாற வைப்பது 'சேது' என்னும் இரண்டெழுத்துச் சொல். அகராதியைப் புரட்டினால் அணை என்றிருக்கும். செய்தியிலோ அது ஓரிடத்தில் நீராடும் துறையாகவும், அடுத்த பத்தியில் ஒரு ஜமீனாகவும், வேறொரு மூலையில் ஓர் ஆளின் பெயராகவும் நிற்கும்.

முதலில் வினையைப் பாருங்கள். ஆடினார், முழுகினார், ஸ்நானம் செய்தார் என்று முடிந்தால், பெரும்பாலும் அது தனுஷ்கோடிக் கடல். என் தாத்தாவின் தகரப்பெட்டியில் கிடைத்த ஒரு நறுக்கில் 'சேதுவில் பெருங்கூட்டம்' என்று தலைப்பிட்டிருந்தது. அரண்மனையில் நடந்த பொதுக்கூட்டம் என்று எண்ணிக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவிட்டேன். பல நாள் கழித்துத் தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தபோதுதான், அது தை அமாவாசைக்கு மறுநாள் இதழ் என்பதும், கூடியவர்கள் தீர்த்தமாட வந்தவர்கள் என்பதும் விளங்கின. ஆகவே தேதியோடு திதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 'சேதுக்கரை' என்றிருந்தால் மட்டும் நிதானம் வேண்டும். அது திருப்புல்லாணிக்கு அருகே மன்னார் வளைகுடாவை ஒட்டிய தனி ஊர், தனுஷ்கோடி அன்று.

அடுத்து, சொல்லைத் தொடர்ந்து வரும் பெயரைப் பாருங்கள். சேது மன்னர், சேது நாடு, சேது சமஸ்தான வித்வான் என்பவையெல்லாம் இராமநாதபுரம் சேதுபதிகளைச் சார்ந்தவை. 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்திறங்கிய விவேகானந்தரை வரவேற்ற பாஸ்கர சேதுபதியைச் 'சேது மன்னர்' என்று எழுதுவது அக்கால மரியாதை வழக்கு. அதைக் கொண்டு இராமநாதபுரத்தைத் தனியரசு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1803 முதல் அது கம்பெனியாரின் சாசனத்துக்கு உட்பட்ட ஜமீன், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஒழிக்கப்பட்டது.

வடமொழி கலந்த தலையங்கங்களில் வரும் 'ஆசேது ஹிமாசலம்' பலரை ஏமாற்றும். முன்னால் நிற்கும் 'ஆ' என்பது 'வரை' எனப் பொருள்படும் வடமொழி முன்னொட்டு. நம் கரையிலிருந்து இமயம் வரை, அதாவது இந்தியா முழுவதும் என்பதே அத்தொடரின் கருத்து. இராமநாதபுரச் செய்தி என்று அதை வெட்டி எடுத்து வைப்பது வீண்.

கால்வாய் என்றோ, ஆழப்படுத்துதல் என்றோ அருகில் கண்டால் அது சேது சமுத்திரக் கப்பல் வழித் திட்டம். 1860-இல் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி டெய்லர் முன்வைத்த யோசனை, 1955-இல் அமைந்த இராமசாமி முதலியார் குழு, 2005 ஜூலை 2-இல் மதுரையில் நடந்த தொடக்க விழா என்று ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு இப்பொருள் நீள்வதால், ஆண்டைப் பாராமல் எந்தக் கட்டத்துச் செய்தி என்று சொல்ல இயலாது. பிற்கால இதழில் 'சேது தாமதம்' என்றிருந்தால் அது சென்னை–இராமேசுவரம் விரைவு ரயிலாகவும் இருக்கலாம். முன்னால் தலைப்பெழுத்து இருந்தால், ரா. பி. சேதுப்பிள்ளையைப் போல, ஆளின் பெயர்.

பழகிக்கொள்ள, அக்கால நடையில் நானே அமைத்த வாக்கியம் ஒன்று: 'சேதுவினின்று திரும்பிய யாத்ரீகர்களுக்குச் சேது சமஸ்தானத்தார் சத்திரத்தில் அன்னமளித்தனர்.' முதல் சேதுவின் இடத்தில் 'தனுஷ்கோடி' என்றும், இரண்டாவதன் இடத்தில் 'இராமநாதபுரம்' என்றும் வைத்துப் படியுங்கள், பொருள் வழுவாது. மாற்றி வைத்தால் இரண்டாவது உடனே இடறும்.

இரண்டு பொருளும் பொருந்துவதுபோல் தோன்றினால் ரயிலைத் தேடுங்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் அந்தப் பாதையை அழித்துவிட்டது. 'சேதுவில் ரயிலைவிட்டு இறங்கி' என்ற தொடர் கிடைத்தால் நறுக்கில் தேதி கிழிந்திருந்தாலும் கவலையில்லை. நிகழ்ச்சி அந்த ஐம்பது ஆண்டுக்குள் அடங்கிவிடும்.