பழைய பிக்கப்புக்குப் புதுச் சைலன்சர்: முதல் நாளே தொடங்குங்கள்

திருகோணமலைக் கடற்காற்றில் நிற்கும் பழைய ஹைலக்ஸ் போன்ற பிக்கப்பில் சைலன்சர் மாற்றுவது என்றால், பாதி வேலை துருப்பிடித்த நட்டோடுதான். முதல்நாள் இரவே, எஞ்சின் ஆறிய பிறகு, மேனிஃபோல்டோடு (எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் பகுதி) குழாய் சேரும் நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். காலையில் இன்னொரு தடவை. நட் அசையாவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மெல்ல மெல்ல எடுங்கள். நட் ஏறியிருக்கும் ஸ்டட் (திருகு ஆணி) முறிந்தால் கராஜ் செலவு சைலன்சர் விலையைத் தொட்டுவிடும். எனக்கு ஒன்று முறிந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

ஸ்டெயின்லெஸ் என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 304 என்ற ஸ்டெயின்லெஸ் ரகத்தில் அநேகமாக ஒட்டாது. 409 என்ற ரகத்தில் 'டக்'கென்று ஒட்டும். உப்புக்காற்றுக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பூட்டும்போது இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டு, முன்னிருந்து பின்னாக எல்லாவற்றையும் தளர்வாகவே மாட்டுங்கள். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கருக்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். பிரேக் குழாய், ஸ்பெயார் டயர், பின் அச்சு எதிலும் உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் இறுக்க வேண்டும். மீன் பெட்டி ஏற்றுகிற வண்டியென்றால் பாரத்தோடும் ஒருமுறை குனிந்து பாருங்கள், வில் (ஸ்பிரிங்) தாழும்போது இடைவெளி குறையும்.

அப்புறம், எஞ்சின் குளிராக இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் விசிறுங்கள். குமிழி வந்தால் அங்கே கசிவு.

சத்தம் கூடிய சைலன்சர் மட்டும் வேண்டாம், பொலிஸ் மறிக்கும்.