காதலும் மாயமும் கலந்த தொடர் நாவல் எழுத: நோரா ராபர்ட்ஸிடம் கற்க வேண்டியவை

காதலையும் மாயத்தையும் இணைத்துத் தொடர் நாவல் எழுத விரும்புவோர், அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸின் எழுத்துமுறையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1979இல் மேரிலாந்தின் கடும் பனிப்புயலில் இரு சிறு மகன்களுடன் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது எழுதத் தொடங்கிய அவருக்கு, பல கையெழுத்துப் பிரதிகள் நிராகரிக்கப்பட்ட பிறகே, 1981இல் முதல் நாவல் வெளியானது.

முதல் வரைவை, இடையில் திரும்பிப் பார்த்துத் திருத்தாமல், இறுதிவரை எழுதி முடியுங்கள். அவர் பின்பற்றும் முறை இதுவே.

கட்டமைப்பில்தான் அவரிடம் கற்பதற்கு மிகுதியாக உண்டு. அவருடைய மாயப்புனைவு முத்தொகுதிகள் பலவற்றில், நூலுக்கு ஒரு காதல் இணை சேர்ந்துவிடும். ஆனால் அனைவரையும் அச்சுறுத்தும் தீயசக்தி மூன்றாம் நூலில்தான் வீழும். ஆகவே காதலின் முடிவையும் மாயப் போரின் முடிவையும் தனித்தனியே திட்டமிடுங்கள்: முதல் நூலின் இறுதியில் இணை சேர வேண்டும், எதிரி காயம்பட்டாலும் தப்பிவிட வேண்டும். இரண்டாம் நூலின் இணையை முதல் நூலிலேயே ஒரே மேசையில் எதிரெதிராக அமர்த்தி, அவர்களுக்குள் ஒரு சச்சரவை மூட்டிவிடுவதே வாசகரை அடுத்த நூலுக்கு அழைத்துச் செல்லும் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

வேறு வகை நாவல் எழுதும்போது வேறு பெயரைச் சூடிக்கொள்ளலாம். 1995 முதல் அவர் ஜே.டி. ராப் என்ற பெயரில் எதிர்காலத்தில் நிகழும் துப்பறியும் நாவல்களை எழுதிவருகிறார்.