கணவன் அமெரிக்காவில், மனைவி ஊரில்: விசா தேர்விலும் காத்திருக்கும் காலத்துப் பயணங்களிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எந்த விசா சீக்கிரம் கிடைக்கும்?" மாப்பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்தால், கல்யாணப் பேச்சு தொடங்கியதுமே இரண்டு வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே இருப்பவர் குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரா? குடியுரிமை உள்ளவரின் கணவன், மனைவிக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. துணைக்காக அங்கே இருப்பவர் போடும் ஐ-130 என்ற மனு ஏற்கப்பட்டால் வரிசையில் நிற்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கிரீன் கார்டுக்காரரின் துணைக்கு எஃப்2ஏ என்ற பிரிவு. அங்கே மனு ஏற்கப்பட்டாலும், அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், நீங்கள் மனு போட்ட தேதிக்கு முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கு ஹெச்4. அது வேறு பாதை.

குடியுரிமை உள்ளவர்களைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது கே1 விசாவில்தான். அது நிச்சயம் செய்துகொண்டவர்களுக்கானது. அமெரிக்காவுக்குப் போய் 90 நாளுக்குள் அங்கே கல்யாணம் செய்துகொண்டு, அதன் பிறகு கிரீன் கார்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே என்ன நடக்கிறது? கே1-க்கு விண்ணப்பித்துவிட்டு, மாப்பிள்ளை லீவில் வரும்போது "சும்மா சாஸ்திரத்துக்கு" கோயிலில் தாலி கட்டிவிடுகிறார்கள். ரெஜிஸ்டர் செய்யவில்லை, அதனால் சட்டப்படி இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்ற நம்பிக்கை. இது தவறு. இந்துத் திருமணச் சட்டப்படி, சடங்கு முறையாக நடந்திருந்தால் பதிவு இல்லை என்பதற்காகத் திருமணம் செல்லாமல் போகாது. தமிழ்நாட்டில் 1967-ல் வந்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ அதுவே திருமணம். அப்படி ஆகிவிட்டால் கே1-க்கு நீங்கள் தகுதியில்லாதவர். நேர்காணலில் தாலியோடு போய் உட்கார்ந்து "இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மனுவைச் சீக்கிரம் போட வேண்டும் என்று, சடங்கு எதுவும் நடக்காமலே இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டு, முகூர்த்தத்தை ஆறு மாதம் தள்ளி வைப்பது. சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது திருமணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலில் பதிவு, பிறகு விழா என்றால் அதற்குச் சரியான வழி சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். எந்தத் தேதியைத் திருமணத் தேதி என்று ஐ-130-ல் எழுதுகிறீர்களோ, அதுவே எல்லாக் காகிதத்திலும் இருக்கட்டும்.

கல்யாணம் ஆனவர்களுக்குக் கே3 என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதற்கு உயிர் இல்லை. ஐ-130 முன்னேறியதும் கே3 கோப்பை மூடிவிடுவார்கள். அதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால் உங்கள் குடியேற்ற விசா சிஆர்1, ஆகியிருந்தால் ஐஆர்1. சிஆர்1-ல் வரும் கிரீன் கார்டு இரண்டு ஆண்டுக்குத்தான். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள், அந்த இரண்டு ஆண்டு நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைப் போட வேண்டும். நிம்மதியாகக் குடும்பம் நடத்தத் தொடங்கிய பிறகு மறந்துவிடும் விஷயம் இது என்பதால் இப்போதே குறித்துவையுங்கள்.

எஃப்2ஏ வரிசையில் இருக்கும்போது அங்கே இருப்பவர் குடியுரிமை பெற்றுவிட்டால், மனு தானாகவே வரம்பற்ற பிரிவுக்கு மாறும். விசா கோப்புகளைக் கையாளும் அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குச் சான்றோடு தெரிவித்தால் போதும். ஆனால் குழந்தை இருந்தால் கவனம். எஃப்2ஏ-வில் அம்மாவின் மனுவிலேயே குழந்தையும் சேர்ந்திருக்கும். குடியுரிமைப் பிரிவுக்கு மாறியதும் அந்தச் சேர்க்கை போய்விடும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஐ-130 வேண்டும். இது தெரியாமல், அம்மாவுக்கு விசா வந்து குழந்தைக்கு வராத நிலை வந்தால், அந்த வீட்டின் வேதனையைச் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும். திருமணச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். பிறப்புச் சான்றிதழில் பல பேருக்குப் பெயரே ஏறியிருக்காது. மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி வந்த பிறகு நகராட்சி அலுவலகத்துக்கு அலையாதீர்கள். ஐ-130 போட்ட வாரத்திலேயே பெயரை ஏற்றுங்கள். பதிவே இல்லையென்றால் 'கிடைக்கப்பெறவில்லை' என்ற சான்றை வாங்கி, பள்ளிச் சான்றிதழையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மனு போட்டாச்சு. ஒரு வருஷத்துக்கு மேலேயே இழுக்கலாம். அதுவரை ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாதா? போகலாம். ஐ-130 நிலுவையில் இருப்பவர் சுற்றுலாவுக்கு வரக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பி2 என்ற சுற்றுலா விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர்தான் என்ற அனுமானத்தோடே அதிகாரி உட்கார்ந்திருப்பார். அப்படி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை. ஏற்கெனவே குடியேற்ற மனு இருக்கும்போது அது இன்னும் கடினம். மறுப்பு வரலாம் என்ற தயாரிப்போடு போங்கள்.

மறுப்பைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது, மறைப்பு. சுற்றுலா விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு தாக்கல் செய்திருக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது. கணவனோ மனைவியோ அமெரிக்காவில் இருக்கிறாரா என்றும் கேட்கிறார்கள். "இல்லைன்னு போட்டுடுங்க, அப்பதான் கிடைக்கும்" என்று படிவம் நிரப்பித் தருபவர் சொல்வார். கேட்காதீர்கள். தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் நிரந்தர நுழைவுத் தடை. அந்தத் தடை நீங்கள் காத்திருக்கும் குடியேற்ற விசாவையும் சேர்த்து விழுங்கிவிடும். அதிலிருந்து விலக்கு கேட்கலாம்தான். ஆனால் உங்கள் பிரிவு அங்கே இருப்பவருக்குக் கடும் துன்பம் தருகிறது என்று நிரூபித்தாக வேண்டும்.

பழைய பத்து வருஷ பி2 கையில் இருந்தால் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விமான நிலையத்தில் அதிகாரி மனது வைக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், வேலை செய்யும் இடத்தின் லீவுக் கடிதம், குறுகிய பயணம் ஆகியவை உதவும். பெட்டி நிறைய அசல் சான்றிதழும் பயோடேட்டாவும் வைத்துக்கொண்டு "மூணு வாரம்தான்" என்றால் யார் நம்புவார்கள்? பெட்டியையும் போனையும் திறந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

உள்ளே போனபின் பார்க்க வேண்டியது, எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 நுழைவுப் பதிவில் உள்ள தேதி. விசாவில் அச்சிட்ட தேதி அல்ல. அதைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் அந்த விசா செல்லாது. 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று ஆண்டுத் தடை, ஓர் ஆண்டுக்கு மேலானால் பத்து ஆண்டு.

"சுற்றுலாவில் போய் அங்கேயே கிரீன் கார்டுக்கு மாற்றிக்கோ, 90 நாள் கழித்துப் போட்டால் பிரச்சினை இல்லை" என்று சொல்பவர்கள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறார்கள். நுழையும்போதே அந்த எண்ணம் இருந்தால் அது மோசடி. 90 நாள் கழிந்தால் கழுவிப் போய்விடாது. அப்படி அங்கிருந்தே கிரீன் கார்டு கேட்டு ஐ-485 விண்ணப்பம் போட்டவர் முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் உடனே கிளம்ப முடியாது.

என்னைக் கேட்டால், பயணம் செய்ய வேண்டியவர் அங்கே இருப்பவர்தான். அவர் வருவதில் மறுப்பு, சந்தேகம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வருகையின் போர்டிங் பாஸும் பாஸ்போர்ட் முத்திரையும் இந்த உறவு உண்மையானது என்பதற்கான ஆதாரமாகவும் சேரும். கிரீன் கார்டுக்காரர் மட்டும் ஒரே பயணத்தில் ஆறு மாதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும்; தாண்டினால் பின்னால் குடியுரிமைக்கான கணக்கு முறியலாம். குடியுரிமை உள்ளவர் வேலையை விட்டு ஊரோடு வந்து தங்கிவிட்டால் வேறொரு சிக்கல். துணையின் செலவுக்குத் தான் பொறுப்பு என்று எழுதித் தரும் ஐ-864 பொறுப்புறுதிக்கு அமெரிக்காவில் வசிப்பிடமும், வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீத வருமானமும் காட்ட வேண்டும்.

ஊரில் இருப்பவரும் வேலையை அவசரப்பட்டு விட வேண்டாம். நேர்காணல் நன்றாக முடிந்த பிறகும் கூடுதல் காகிதம் கேட்டுக் கோப்பை நிறுத்தி வைப்பதுண்டு. விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள், டிக்கெட்டும் அப்புறம் போடுங்கள்.